பூட்டப்பட்ட பொதுப்பள்ளிகள்

1963ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் சட்டத்துறைத் தலைவராக விளங்கிய ராபர்ட் கென்னடி, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஓர் உரையாற்றினார். அடிமை ஒழிப்பு அறிக்கையின் நூற்றாண்டையொட்டி நிகழ்ந்த கூட்டம் அது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளை நீக்கிப் பார்த்தால், இலவசப் பொதுக்கல்வி வழங்காத இடங்களாக உலகில் அறியப்படுபவை எவை என்று அவர் அங்கே வரிசைப்படுத்தினார். பொதுவுடைமைச் சீனம், வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று அப்பட்டியல் சென்றது. அதன் கடைசியில் அவர் சேர்த்த பெயர் அவருடைய நாட்டுக்குள்ளேயே இருந்தது. வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் என்பதே அது.

நம் பக்கத்துப் பெயர்கள் இரண்டு அப்பட்டியலில் இடம்பெற்றமை இன்று படிப்போர்க்கு வியப்பாக இருக்கலாம். மலாயாக் கூட்டரசில் 1962 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணம் நீக்கப்பட்டிருந்தது. சரவாக்கோ அன்று பிரிட்டிஷாரின் குடியேற்ற நாடு. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று நான்காண்டுகள்கூட நிறையவில்லை. வளரும் நாடுகளில் கல்வி இன்னும் எல்லார்க்கும் எட்டாதிருந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் உலகின் செல்வ நாடுகளுள் முதன்மையான ஒன்றில், பள்ளிக் கட்டடங்கள் நின்றுகொண்டிருக்க, ஆசிரியர்கள் இருக்க, வரி செலுத்தும் மக்களும் இருக்க, ஒரு மாவட்டத்தில் பொதுப்பள்ளி ஒன்றுகூட இல்லாமற் போனது எவ்வாறு? அது வறுமையால் நேர்ந்ததன்று. பொறுப்பிலிருந்தோர் கூடி முடிவெடுத்துச் செய்தது.

இந்நிகழ்ச்சியை அறியாதார்க்கு அந்நாட்டுப் பள்ளி முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். அமெரிக்காவில் பொதுப்பள்ளி என்பது மக்களின் வரிப்பணத்தில் கட்டணமின்றி நடப்பது. அதற்கான பணத்தின் பெரும்பகுதி நடுவணரசிடமிருந்து வருவதன்று; மாநில அரசும், 'கவுண்டி' என வழங்கும் மாவட்டமுமே அதனைத் தருகின்றன. மாவட்ட மன்றம் சொத்து வரி விதித்துப் பள்ளிக்கு ஒதுக்குகிறது. தனியார் பள்ளியோ கட்டணத்தாலும் நன்கொடையாலும் இயங்குவது. தென் மாநிலங்களில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பொதுப்பள்ளியும், கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறொரு பொதுப்பள்ளியும் எனச் சட்டமே வகுத்து வைத்திருந்தது. 'தனித்தனி ஆயினும் சமம்' என்னும் கோட்பாட்டை 1896ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. தனித்தனி என்பது மட்டும் கண்டிப்பாக நடைமுறையில் இருந்தது. சமம் என்பது ஏட்டில் இருந்தது.

ஒன்றை ஈண்டு நினைவிற்கொள்ளல் நலம். அந்நாளில் தென் மாநிலங்களில் தனியார் பள்ளிகள் மிகுதியாக இல்லை. இனத்தால் பிரிந்து பயில விரும்பியோர்க்கு அவை தேவைப்படவுமில்லை. பொதுப்பள்ளியே அப்பிரிவினையைச் செலவின்றிச் செய்து கொடுத்தது.

பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் தலைநகர் ரிச்மண்டுக்குத் தென்மேற்கே அமைந்த புகையிலை விளையும் நாட்டுப்புறம். அதன் தலைமை ஊர் பார்ம்வில். மக்கள்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைந்தோர் கறுப்பினத்தவர். அவர்தம் பிள்ளைகளுக்கென்று 1939ஆம் ஆண்டு ராபர்ட் ரசா மோட்டன் உயர்நிலைப்பள்ளி கட்டப்பட்டது. 180 மாணவர்க்கெனக் கட்டிய பள்ளியில் 1951இல் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். உடற்பயிற்சிக் கூடமில்லை, உணவுக் கூடமில்லை. இடம் போதாமைக்குத் தீர்வாக மாவட்ட நிருவாகம் கட்டித் தந்தவை, மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய தாள் போர்த்த கொட்டகைகள். மழை நாளில் அவை ஒழுகும். குளிர் நாளில் அடுப்பருகே அமர்ந்தவர் வியர்ப்பர். தொலைவில் அமர்ந்தவர் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் எழுதுவர். நம் நாட்டுத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பழைய நிலையை அறிந்தோர்க்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெற்றோர் முறையிட்டனர். மாவட்டப் பள்ளி வாரியம் புதுப்பள்ளிக்கு நிலம் பார்ப்பதாகச் சொல்லிக் காலங்கடத்தியது. அப்போது பதினாறு வயது மாணவி ஒருத்தி செயலில் இறங்கினாள். பார்பரா ஜான்ஸ் என்பது அவள் பெயர். 1951 ஏப்பிரல் 23ஆம் நாள், தலைமையாசிரியரை ஒரு பொய்ச்செய்தியால் ஊருக்குள் வரவழைத்துவிட்டு, அவர் பெயரிலேயே குறிப்பு அனுப்பி மாணவர் அனைவரையும் மண்டபத்தில் கூட்டினாள். ஆசிரியர்களை வெளியே செல்லுமாறு வேண்டினாள். தக்க கட்டடம் கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்புவதில்லை என்று முடிவாயிற்று. ஆசிரியர்களை வெளியேற்றியது பணிவின்மையாலன்று. பின்னர்ப் பழி அவர்கள்மேல் விழக்கூடாதென்னும் கருத்தாலே ஆகும். ஆயினும் பழி விழத்தான் செய்தது. தலைமையாசிரியரின் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தம் பள்ளிப் பிள்ளைகள் தம்மையே ஏமாற்றி வெளியே அனுப்பிச் செய்த செயலுக்காக அவர் வேலையை இழந்தார்.

வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. மாணவர்க்குத் துணைநின்ற கறுப்பினச் சமயப் பெரியவர் பிரான்சிஸ் கிரிபின். வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய இருவரும் பார்ம்விலுக்கு வந்தனர். நல்ல கட்டடம் கேட்டு வழக்காடுவதாயின் தாங்கள் வருவதற்கில்லை, இனப்பிரிவினையையே நீக்கக் கோரினால் வழக்கை ஏற்போம் என்று அவர்கள் உரைத்தனர். மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். 117 மாணவர் பெயரால் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு, வேறு நான்கு இடங்களிலிருந்து வந்த வழக்குகளோடு இணைக்கப்பட்டு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1954 மே 17ஆம் நாள் வெளிவந்த 'பிரவுன்' தீர்ப்பு இவ்வைந்து வழக்குகளுக்கும் பொதுவானது. பொதுப்பள்ளியில் இனம் பிரித்தல் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இதற்கிடையில் 1953ஆம் ஆண்டு மாவட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் புதிய உயர்நிலைப்பள்ளி ஒன்றைக் கட்டி முடித்தது. கேட்டபோது கிடைக்காத பணம் வழக்கு வந்தபின் கிடைத்தது. அப்புதுக் கட்டடத்துக்கு நேர்ந்த கதியைப் பின்னர்க் காண்போம்.

தீர்ப்பு வந்துவிட்டது; நடைமுறை வரவில்லை. 1955இல் உச்ச நீதிமன்றம் காலவரையறை ஏதும் குறிக்காமல், ஆய்ந்து விரைவாகச் செய்யுமாறு மட்டும் பணித்தது. அச்சொற்களில் 'ஆய்ந்து' என்பதைத் தென் மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. 'விரைவாக' என்பதை விட்டுவிட்டன. வர்ஜீனியாவில் செனட்டர் ஹாரி பேர்ட் தலைமையில், தீர்ப்பை எதிர்க்கும் கொள்கை சட்டங்களாகவே உருப்பெற்றது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து பயில நேரும் பள்ளி எதுவாயினும் அதனை மூடிவிட ஆளுநருக்கு அதிகாரம் தரப்பட்டது. 1958இல் நார்போக், சார்லட்ஸ்வில், வாரன் மாவட்டம் ஆகிய இடங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. நார்போக்கில் மட்டும் ஏறத்தாழ 10,000 மாணவர் வெளியே நின்றனர். 1959 சனவரியில் மாநில உச்ச நீதிமன்றமும் நடுவண் நீதிமன்றமும் ஒரே நாளில் இச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தன. அடுத்த மாதமே நார்போக் பள்ளிகளில் கறுப்பின மாணவர் சிலர் அமைதியாக நுழைந்தனர்.

பிரின்ஸ் எட்வர்ட் மட்டும் வேறு வழியைத் தேர்ந்தது. 1959 செப்டம்பருக்குள் பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்குமாறு அதற்கு நீதிமன்ற ஆணை வந்தது. சூன் மாதத்தில் மாவட்ட மன்றம் கூடியது. பள்ளிகளை மூடுகிறோம் என்று அது தீர்மானிக்கவில்லை. பள்ளிக்கென்று வரி விதிப்பதில்லை, பணம் ஒதுக்குவதில்லை என்று மட்டும் தீர்மானித்தது. பணமில்லாப் பள்ளி தானே மூடிக்கொள்ளும் அன்றோ? செப்டம்பர் வந்தபோது மாவட்டத்துப் பொதுப்பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன. வாயில்களில் சங்கிலி தொங்கிற்று. அவற்றுள் ஆறே ஆண்டுகளுக்குமுன் கட்டிய அப்புதிய உயர்நிலைப்பள்ளியும் ஒன்று.

வெள்ளையர் பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு முன்னரே அணியமாக இருந்தது. 1955இலேயே தொடங்கப்பெற்ற ஓர் அறக்கட்டளை, 'பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி' என்னும் தனியார் பள்ளியை நிறுவிற்று. ஏறத்தாழ 1,500 வெள்ளை மாணவர் அதிற் சேர்ந்தனர். பொதுப்பள்ளியின் வெள்ளை ஆசிரியர்களுள் மிகப்பெரும்பாலோர் அங்கேயே பணியேற்றனர். மாதாகோயில் கூடங்களிலும் மன்றங்களிலும் வகுப்புகள் நடந்தன. 1961க்குள் புதுக் கட்டடமும் எழுந்தது. முதலாண்டு நன்கொடையால் நடந்தது. இரண்டாம் ஆண்டு முதல் கட்டணம் வந்தது. கட்டணத்துக்கு உதவி அரசிடமிருந்து வந்தது. தனியார் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து, தொடக்கப்பள்ளியாயின் ஆண்டுக்கு 225 டாலரும் உயர்நிலையாயின் 250 டாலரும் வழங்கின. அன்றியும், தனியார் பள்ளிக்கு நன்கொடை தருவோர்க்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவு உண்டு என்றும் மாவட்ட மன்றம் விதி செய்தது. பொதுப்பள்ளிக்கு இல்லையென்ற பணம் வேறு வாயில் வழியாகத் தனியார் பள்ளியைச் சென்றடைந்தது. அதனைத் தனியார் பள்ளி என்பது பெயரளவிலேதான் பொருந்தும்.

ஏழை வெள்ளையர் சிலரின் பிள்ளைகளும் கட்டணம் கட்ட வழியின்றிப் பள்ளியிழந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்களைப் பற்றிப் பேசுவோர் அன்றும் குறைவு, இன்றும் குறைவே.

கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர். அவர்களுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையர் சிலர் 1959 இறுதியில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதற்கு வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று. பெற்றோர் ஏன் மறுத்தனர்? அதனை ஏற்றிருந்தால், பிள்ளைகள் எழுத்தறிவாவது பெற்றிருப்பர். ஆனால் இனம் பிரித்த பள்ளியை விரும்பியே ஏற்றனர் என்றாகி வழக்கு அன்றே முடிந்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு இத்தகைய முடிவை எடுப்பது எளிதன்று. அம்முடிவு சரியா தவறா என்று தொலைவிலிருந்து தீர்ப்புக் கூறுவதும் நமக்கு எளிதன்று. அப்பிள்ளைகளுள் சிலரே பிற்காலத்தில் அதனைக் குறித்து மனங்கசந்து பேசியதுண்டு.

ஓராண்டில் தீர்ந்துவிடும் என்று எல்லாரும் எண்ணினர். ஓராண்டு இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. மாதாகோயிலின் கீழ்த்தளங்களில் தன்னார்வலர் சிலமணி நேரம் எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். உயர்நிலை மாணவர் சிலரை வட கரோலினாவிலுள்ள கிட்ரெல் கல்லூரி ஏற்றது. குவேக்கர் சமயத்தாரின் தொண்டமைப்பு சிலரை வேறு மாநிலங்களில் முன்பின் அறியாத குடும்பங்களோடு தங்கிப் படிக்கச் செய்தது. உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டோர் பலர். பக்கத்து மாவட்டத்தில் வாடகை முகவரி காட்டிப் பள்ளி சென்றோரும் உளர். எஞ்சியோர் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தனர். இல்லையேல் சும்மா இருந்தனர். கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்து ஊரைவிட்டே சென்றனர். பள்ளி மூடப்பட்டால் இழப்பு மாணவர்க்கு மட்டும் அன்று. ஓர் ஊரில் படித்தவராக மதிக்கப்பெற்றோர் அனைவரும் ஒருசேர வெளியேறிவிடுகின்றனர்.

1963இல் கென்னடி அரசு தலையிட்டது. வழக்கு முடியுமட்டும் காத்திராமல், தனியார் நன்கொடை கொண்டு 'பிரின்ஸ் எட்வர்ட் இலவசப் பள்ளிகள்' என்னும் ஏற்பாடு ஓராண்டுக்கு மட்டும் செய்யப்பட்டது. அப்பள்ளிகள் திறந்த நாள் 1963 செப்டம்பர் 16. மலேசியா உருவான அதே நாள் என்பது தற்செயலே. எனினும், சில மாதங்களுக்கு முன் ஒரே பட்டியலில் நின்ற சரவாக்கும் சிங்கப்பூரும் பிரின்ஸ் எட்வர்டும் ஒரே நாளில் புதுவாழ்வு தொடங்கின என எண்ணுகையில் வரலாற்றின் விந்தை புலனாகிறது.

நீல் சல்லிவன் என்பார் அப்பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 1,500 மாணவர் வந்தனர். அவர்களுள் வெள்ளையர் ஒரு கைவிரல்களுள் எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவர், லாங்வுட் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் கார்டன் மாஸ் என்பாரின் மகன். பொதுப்பள்ளிக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசிய வெள்ளையர் மிகச் சிலருள் அவர் ஒருவர். அதற்காகத் தம் இனத்தாரின் வெறுப்பை ஏற்றவர்.

வகுப்பறைக்குள் நுழைந்த ஆசிரியர்கள் கண்டதென்ன? பத்து வயது நிரம்பியும் எழுத்தறியாப் பிள்ளைகள் இருந்தனர். எழுதுகோலைப் பிடிக்கத் தெரியாதவர் இருந்தனர். நான்காம் வகுப்பில் விட்ட பிள்ளை எட்டாம் வகுப்பு வயதில் வந்து நின்றது. வயதுக்கேற்ப வகுப்புப் பிரித்தால் பாடம் புரியாது; பாடத்துக்கேற்பப் பிரித்தால் பதின்மூன்று வயதினர் ஆறு வயதினரோடு அமர நேரும். எனவே சல்லிவன் வகுப்புநிலை என்பதையே நீக்கிவிட்டு, ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் நின்ற இடத்திலிருந்து தொடங்குமாறு குழுக்களை அமைத்தார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இம்மாணவரைச் சோதித்தனர். நான்காண்டும் பள்ளியே காணாதவர், இடையிடையே ஏதேனும் கல்வி பெற்றவரைக் காட்டிலும் மிகவும் பின்தங்கியிருந்தமை தெரியவந்தது. ஆசிரியர் எவரும் இதனை எதிர்பார்த்தே இருப்பர். ஆயினும் எதிர்பார்ப்பது வேறு. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள்மேல் அதனை அளந்து பார்க்க நேர்வது வேறு.

1964 மே 25ஆம் நாள் 'கிரிபின்' வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயப் பெரியவர் கிரிபின் தம் பிள்ளைகளின் பெயரால் நடத்திய வழக்கு அது. மாநிலத்தின் பிற பகுதிகளில் பொதுப்பள்ளிகள் நடக்க, இம்மாவட்டத்தில் மட்டும் அவற்றை மூடித் தனியார் பள்ளிக்குப் பணம் தருதல் சமன்மை உரிமைக்கு முரண் என்று நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். தேவையாயின் வரி விதிக்குமாறு மாவட்ட மன்றத்துக்கே நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் தீர்ப்புக் கூறியது. ஆய்ந்து விரைதலுக்கான காலம் கடந்துவிட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பொதுப்பள்ளிகள் திறந்தன. ஆயினும் அவ்வாண்டு மாவட்ட மன்றம் பொதுப்பள்ளிக்கு ஒதுக்கியதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தொகையைத் தனியார் பள்ளிக் கட்டண உதவிக்கு ஒதுக்கியது. நீதிமன்றம் தடுத்துவிடக்கூடும் என்றஞ்சி, ஆகஸ்டு மாதத்து ஓரிரவில் பெற்றோரை வரவழைத்து 1,80,000 டாலர் அளவுக்குக் காசோலைகளைக் கையில் கொடுத்தனுப்பியது. பின்னர் நீதிமன்றம் அதனை அவமதிப்பு என்று கண்டித்தது. பொதுப்பள்ளி வகுப்பறைகளில் அமர்ந்தோர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பிள்ளைகள். அகாடமியில் அமர்ந்தோர் அனைவரும் வெள்ளையர். 1951இல் சட்டம் செய்திருந்த பிரிவினையை 1964இல் கட்டணம் செய்தது.

இவ்வழியைப் பிற மாநிலங்களும் கண்டுகொண்டன. நீதிமன்ற ஆணைகள் கண்டிப்பானபோதெல்லாம் தென்பகுதி எங்கும் இத்தகைய பள்ளிகள் பெருகின. மிசிசிப்பி மாநிலத்துக் கணக்கை உச்ச நீதிமன்றமே 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் பதிவு செய்துள்ளது. 1963–64 கல்வியாண்டில் அங்கே கத்தோலிக்கப் பள்ளிகள் நீங்கலாக 17 தனியார் பள்ளிகள் இருந்தன. அவற்றின் மாணவர் 2,362 பேர். அவர்களுள் 916 பேர் கறுப்பினத்தவர். 1970 செப்டம்பரில் பள்ளிகள் 155 ஆயின. மாணவர் ஏறத்தாழ 42,000 பேர்; அவர்களுள் வெள்ளையர் அல்லாதார் இல்லையென்றே கூறலாம். ஏழே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. கல்வித் தரத்தில் திடீரெனப் பெற்றோர்க்கு ஏற்பட்ட ஆர்வம் என்று இதனைக் கொள்ள இயலுமா? இடையே 1969 அக்டோபரில், இனி ஒருநாளும் தாழ்த்தலாகாது என்று மிசிசிப்பி மாவட்டங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை பணிக்கப்பட்டிருந்தன. காரணம் அங்கேதான் உள்ளது.

அப்பள்ளிகளுக்கு மாநில அரசு பாடநூல்களை இலவசமாகவே அளித்துவந்தது. 1973இல் அது கூடாதெனத் தீர்ப்பாயிற்று. அதற்குமுன் மிசிசிப்பி ஹோம்ஸ் மாவட்டத்துக் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கால், இனம் பார்க்கும் தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971இல் முடிவாகியிருந்தது. 1976ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்று, தனியார் பள்ளியே ஆயினும் இனத்தைக் காரணங்காட்டி ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்தல் 1866ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரண் என்றது. சட்டத்தின் கை தனியார் பள்ளியின் வாயிலைத் தொட, 'பிரவுன்' தீர்ப்புக்குப்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒரு தலைமுறை பள்ளிப்படிப்பை முடித்து வெளியேறிவிட்டது.

தனியார் பள்ளி அனைத்துமே இந்நோக்கத்தால் எழுந்தவை என்று கூறுதல் நேர்மையாகாது. செயிண்ட் லூயிஸ் நகரத்துக் கத்தோலிக்கப் பேராயர் ஜோசப் ரிட்டர், 'பிரவுன்' தீர்ப்புக்கு ஏழாண்டு முன்பே, 1947இல், தம் ஆட்சிக்குட்பட்ட பள்ளிகளில் இனப்பிரிவினையை நீக்கினார். நியூ ஆர்லியன்ஸ் பேராயர் ரம்மல் 1962இல் அவ்வாறே செய்து, எதிர்த்து நின்ற மூவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். கட்டணப் பள்ளியும் கதவைத் திறக்கலாம் என்பதற்கு இவர்கள் சான்று. நடத்துவோர் மனம் எத்தகையது, அருகிலுள்ள பொதுப்பள்ளியைப்பற்றி அவர்கள் எண்ணுவது யாது என்பவையே வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்கத் தனியார் பள்ளி மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேர் வெள்ளையர். பொதுப்பள்ளிகளிலோ பாதிக்கும் குறைவு. வருமான வேறுபாடும், சமயமும், குடியிருப்பும் இவ்வெண்களுக்குக் காரணங்கள் ஆகும். ஆயினும் தென்பகுதிச் சிற்றூர்களில், ஊரின் தனியார் பள்ளி தொடங்கப்பட்ட ஆண்டு எது என்று கேட்டால் போதும். பல இடங்களில் அவ்வாண்டே காரணத்தைச் சொல்லிவிடும்.

பிரின்ஸ் எட்வர்டில் மாற்றம் மெல்ல வந்தது. 1970களில் வெள்ளை மாணவர் சிறிது சிறிதாகப் பொதுப்பள்ளிக்குத் திரும்பலாயினர். பாடத்தரம் உயர்ந்தது ஒரு காரணம். அகாடமியின் கட்டணம் உயர்ந்தது மற்றொரு காரணம். வரிவிலக்கை இழந்த அகாடமி, 1980களின் நடுவில் கறுப்பின மாணவரையும் சேர்க்க முன்வந்தது. அந்நாட்டுப் பெருவணிகர் பியூக்வா என்பார் 1990களின் தொடக்கத்தில் அளித்த பெருநன்கொடைக்குப்பின் அதன் பெயரும் பியூக்வா பள்ளி என மாறிற்று. பழைய மோட்டன் பள்ளி 2001 ஏப்பிரல் 23ஆம் நாள், மாணவர் வெளிநடப்புச் செய்த ஐம்பதாம் ஆண்டில், அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. பார்பரா ஜான்ஸ் அதனைக் காண உயிருடன் இல்லை. வேலைநிறுத்தத்துக்குப்பின் அலபாமாவிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் படிப்பை முடித்து, பள்ளி நூலகராகப் பணியாற்றி, 1991இல் அவர் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற படைத்தலைவர் ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டபோது, அவ்விடத்துக்கு மாநிலம் தேர்ந்தது இப்பள்ளி மாணவியின் உருவத்தையே.

2003ஆம் ஆண்டு வர்ஜீனியாச் சட்டமன்றம் பள்ளிகள் மூடப்பட்டமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. அவ்வாண்டு சூன் மாதம், பள்ளி மூடப்பட்டதால் படிப்பு முடிக்க இயலாதார்க்கு மதிப்புறு சான்றிதழ்கள் வழங்கப்பெற்றன. பேரப்பிள்ளைகள் உடன்வரப் பட்டமளிப்பு அங்கி அணிந்து அவர்கள் வந்து பெற்றுக்கொண்டனர். அடுத்த ஆண்டு, 1959 முதல் 1964 வரை கல்வியிழந்தோர் மீண்டும் பயில உதவித்தொகைத் திட்டம் ஒன்றைச் சட்டமன்றம் ஏற்படுத்தியது. விண்ணப்பித்தோர் ஐம்பதும் அறுபதும் கடந்தவர்கள். அவர்களுள் சிலர் கேட்டது கல்லூரிப் பட்டத்துக்கான உதவி. சிலர் கேட்டது உயர்நிலைப்பள்ளித் தேர்வுக்கான பாடம். இன்னும் சிலர் கேட்டது எழுதப் படிக்கக் கற்றுத் தருமாறு.